சித்திரக்கூடத்துக் கணக்குப்பிள்ளை

திருவனந்தபுரத்தில் வேலை பார்க்கும் தமிழர்களில் மியூசியம் வளாகத்துக்கு ஒரு முறையாவது போகாதவர் அநேகமாக இருக்க மாட்டார். ஊரிலிருந்து உறவினர் வந்தால் பத்மநாப சுவாமி கோயில், பிறகு மிருகக்காட்சி சாலை, அதை ஒட்டியுள்ள ஸ்ரீ சித்ரா சித்திர சாலை என்பதுதான் வழக்கமான சுற்று. 1935-ம் ஆண்டில், சித்திரைத் திருநாள் மகாராஜா காலத்தில் திறக்கப்பட்ட அந்தச் சித்திர சாலைக்குப் பெரும் புகழ் தேடித் தந்தவை ராஜா ரவிவர்மாவின் ஓவியங்கள். 2023-ல் அவருக்கென்றே தனிக் கூடம் ஒன்றும் அதே வளாகத்தில் திறக்கப்பட்டது.

பார்க்க வருகிறவர்கள் சேலையின் சரிகையையும் நகையின் பளபளப்பையும் கண்டு வியந்து திரும்புகிறார்கள். அந்த ஓவியரின் வாழ்க்கையில் வேறொரு பக்கமும் உண்டு. அது வரவு செலவுப் பக்கம். நாட்டின் வீடுகள்தோறும் தன் படத்தை மாட்ட வைத்த மனிதர், அந்தப் படங்களை அச்சிட்ட தொழிலில் கடன்பட்டு, கடைசியில் அச்சகத்தையே விற்க வேண்டி வந்தது. கலை குறைந்ததால் வந்த நஷ்டமல்ல அது. கணக்கு கைக்குள் நிற்காததால் வந்தது.

இன்று இதே நகரில், கழக்கூட்டத்து டெக்னோபார்க்கிலும் நகரத்துக்குள் சிறு சிறு மாடிகளிலும் வரைகலை, விளம்பரம், அனிமேஷன், உள் அலங்காரம் என்று எத்தனையோ வடிவமைப்புக் கூடங்கள் நடக்கின்றன. அவற்றின் கணக்கு மேஜையில் நாகர்கோவிலிலிருந்தும் நெல்லையிலிருந்தும் தென்காசியிலிருந்தும் வந்த நம்மவர்களும் இருக்கிறார்கள். ஓவியர்கள் நடுவே பில்லும் பேரேடுமாக உட்கார்ந்திருக்கும் அவர்களுக்கு, ரவிவர்மாவின் கதை பழங்கதை அல்ல, பாடம்.

மதுரையும் கிளிமானூரும்

1848-ம் ஆண்டு ஏப்ரல் 29-ம் தேதி, திருவனந்தபுரத்துக்கு வடக்கே உள்ள கிளிமானூரில் ரவிவர்மா பிறந்தார். பதினான்காவது வயதில் ஆயில்யம் திருநாள் மகாராஜாவின் அரண்மனைக்கு வந்து சேர்ந்தார். அப்போது அங்கே அரண்மனை ஓவியராக இருந்தவர் மதுரைக்காரரான ராமசாமி நாயுடு. எண்ணெய் வர்ண வித்தையை அவர் இந்த இளைஞருக்குச் சொல்லித் தர மறுத்துவிட்டார் என்றும், அவரிடம் உதவியாளராக இருந்த ஆறுமுகம் பிள்ளை என்பவர் குருவுக்குத் தெரியாமல் கொஞ்சம் சொல்லிக் கொடுத்தார் என்றும் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. 1868-ல் வந்த தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர் வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தே மீதியைக் கற்றுக்கொண்டார் ரவிவர்மா. 1873-ல் சென்னைக் கண்காட்சியில் தங்கப் பதக்கம் கிடைத்த பிறகு அவர் பெயர் சமஸ்தானங்களுக்கெல்லாம் பரவியது.

அவருடைய தொழிலுக்குப் புது வழி காட்டியவரும் தமிழ்நாட்டில் பிறந்தவரே. ஸ்டாச்சு என்று நாம் தினமும் பஸ்ஸில் டிக்கெட் கேட்கும் இடத்துக்கு அந்தப் பெயர் வரக் காரணமான சிலை யாருடையது? சர் டி. மாதவராவுடையது. கும்பகோணத்தில் மராட்டியக் குடும்பமொன்றில் பிறந்து, 1858 முதல் 1872 வரை திருவிதாங்கூரில் திவானாக இருந்து, பின்னர் பரோடாவிலும் திவான் பதவி வகித்தவர். 1880-களில் அவர் ரவிவர்மாவுக்கு ஒரு யோசனை எழுதினார். உங்கள் படங்களை வேண்டுகிறவர்கள் பலர், வரைவதற்கோ இரண்டே கைகள். ஆகவே தேர்ந்த சிலவற்றை ஐரோப்பாவுக்கு அனுப்பி வர்ண அச்சில் பிரதி எடுத்தால் உங்களுக்கும் புகழ், நாட்டுக்கும் சேவை என்பது அதன் சாரம்.

நிர்வாகியின் மூளை இப்படித்தான் வேலை செய்யும். ஓவியரின் நேரம் ஓர் அளவுக்கு மேல் நீளாது. வருமானம் பெருக வேண்டுமானால், ஒரு முறை செய்த வேலை பல முறை விலை போக வேண்டும். இன்றைய வடிவமைப்புக் கூடங்கள் எல்லாவற்றுக்கும் முன்னே நிற்கும் கேள்வியும் இதுவே.

ஐம்பதாயிரம் ரூபாய் வேலை

அச்சகத்துக்கு முன் ரவிவர்மாவின் வருமானம் எப்படி வந்தது? ராஜாக்களும் பிரபுக்களும் கேட்ட படத்தை வரைந்து கொடுத்து விலை பெறுவதுதான். 1888-ல் பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட், தம் புதிய அரண்மனைக்காகப் புராணக் காட்சிகள் 14 வரையும்படி அவரைக் கேட்டுக்கொண்டார். அதற்குக் கிடைத்த தொகை ரூ.50,000. சராசரி பார்த்தால் ஒரு படத்துக்கு 3,500 ரூபாய்க்கு மேல். அக்காலத்தில் அது எவ்வளவு பெரிய பணம் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இந்த வகை வருமானத்தில் ஒரு நிம்மதி உண்டு. கேட்டவர் ஒருவர், கொடுப்பவரும் அவரே. சரக்கு தேங்காது, ஏஜெண்டு இல்லை, கடைக்காரன் பாக்கி இல்லை. வர்ணமும் கித்தானும் வழிச்செலவும் போக மீதியெல்லாம் கையில் நிற்கும். ஆனால் கை ஓய்ந்தால் வருமானமும் ஓய்ந்துவிடும்.

பரோடாப் படங்கள் பம்பாயில் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டபோது கூட்டம் அலைமோதியது. அரண்மனைக்குள் நுழைய முடியாத சாமானியனும் இந்தப் படங்களை விரும்புகிறான் என்பது அங்கே கண்கூடாகத் தெரிந்தது. அதன் பிறகு, 1894-ல் பம்பாய் காட்கோபரில் ரவிவர்மாவின் கல்லச்சுக்கூடம் எழுந்தது. கோவர்த்தன்தாஸ் கட்டாவ் மக்கன்ஜி என்ற பம்பாய் வியாபாரி கூட்டாளி. இயந்திரமும் கைதேர்ந்த ஆட்களும் ஜெர்மனியிலிருந்து வந்தார்கள். சகுந்தலை பிறந்த காட்சி முதல் படமாக வெளியாயிற்று. அதன் பிறகு லட்சுமியும் சரஸ்வதியும் வீட்டுச் சுவர்களுக்கு வந்தார்கள்.

கல்லில் முடங்கிய முதல்

வர்ணக் கல்லச்சு எப்படி நடக்கிறது என்று தெரிந்தால்தான் கடன் எங்கே பிறந்தது என்று புரியும். பவேரியாவிலிருந்து வரும் வழவழப்பான சுண்ணாம்புக் கல்லின் மீது எண்ணெய்ப் பசையுள்ள கோலால் படத்தை எழுதுவார்கள். கல்லை நனைத்து மை தடவினால், எழுதிய இடத்தில் மட்டும் மை பிடிக்கும். இதைக் காகிதத்தில் அழுத்தினால் படம். ஒரு கல்லுக்கு ஒரு வர்ணந்தான். சிவப்புக்கு ஒரு கல், மஞ்சளுக்கு ஒரு கல், தோல் நிறத்துக்கு இரண்டு என்று ஒரே படத்துக்குப் பத்துப் பன்னிரண்டு கற்களுக்கு மேலும் வேண்டியிருக்கும். அதே காகிதம் ஒவ்வொரு கல்லின் மீதும் மயிரிழை பிசகாமல் உட்கார வேண்டும். இறுதியில் எண்ணெய் ஓவியம்போல் தோன்ற வார்னிஷ் பூசுவார்கள்.

ஆக, முதல் பிரதி விற்பதற்கு முன்பே பெரும் பணம் கல்லிலும் கூலியிலும் போய்விடுகிறது. கணக்குக்காக, ஒரு படத்துக்குக் கல் தயாரிக்க 1,000 ரூபாய் செலவு என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் பிரதி விற்றால் ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு ரூபாய் ஏறும். பத்தாயிரம் விற்றால் ஒன்றரை அணாவுக்குச் சற்று மேல். எத்தனை பிரதி விற்றால் முதல் திரும்பும், அதற்கு எத்தனை மாதம் ஆகும், அதுவரை காகிதக்காரனுக்கும் வேலையாளுக்கும் எங்கிருந்து பணம் என்ற மூன்று கேள்விகளுக்கும் பதில் சொல்ல ஒருவர் அன்றாடம் அச்சகத்தில் இருந்தாக வேண்டும்.

அரண்மனை ஓவியத்துக்கும் அச்சுப் படத்துக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். முன்னதில் வேலை முடிந்தால் பணம். பின்னதில் பணம் போட்ட பிறகே வேலை தொடங்கும். ஓவியர் அதே ஓவியர். தொழில் வேறு தொழில்.

தம்பியின் நாட்குறிப்பு

இந்தப் பாரத்தைத் தோளில் சுமந்தவர் ரவிவர்மாவின் தம்பி சி. ராஜராஜவர்மா. அவரும் நல்ல ஓவியர். இயற்கைக் காட்சிகளில் தேர்ந்தவர். அண்ணனோடு ஊர் ஊராகச் சென்று, ஓவியங்களில் உதவி செய்து, கடிதப் போக்குவரத்தையும் அச்சக விவகாரத்தையும் கவனித்துக்கொண்டார். ஆங்கிலத்தில் அவர் எழுதி வந்த நாட்குறிப்பு 2005-ல் அச்சில் வந்தது. அந்தச் சகோதரர்களின் தொழிலைப் பற்றி நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி அந்த ஏடுகளின் உபயமே.

ஆனால் ஒரு மனிதர் எத்தனை வேலை பார்ப்பார்? மைசூரிலும் சென்னையிலும் தூரிகையோடு நிற்கிறவர், காட்கோபரில் எத்தனை ரீம் காகிதம் வந்தது, எந்த ஏஜெண்டு எத்தனை மாதமாகப் பணம் அனுப்பவில்லை என்று எப்படிப் பார்க்க முடியும்? முதலாளிகள் பயணத்தில் இருந்தார்கள், அச்சகம் மற்றவர்கள் கையில் இருந்தது.

இந்த நிலையில் 1896-ல் பம்பாயில் பிளேக் நோய் புகுந்தது. ஜனங்கள் ஊரைவிட்டு ஓடினார்கள். வேலையாள் வரத்தும் வியாபாரமும் குலைந்தன. கூட்டாளியும் விலகினார். 1899-ல் அச்சகம் லோனாவாலாவுக்கு அடுத்த மளவ்லிக்கு மாறியது. காட்கோபரைப் போல மளவ்லியும் ரயில் பாதையில் உள்ள ஊர்தான். ஆனால் கல்லும் இயந்திரமும் கட்டடமும் இடம் மாறும் செலவு லேசானதா? அந்த வருடத்தில் அச்சகம் பெருங்கடனில் இருந்தது. போதாக்குறைக்கு, ரவிவர்மா படங்களைப் பார்த்து எடுத்த போலிப் படங்களும் சந்தையில் போட்டியிட்டன.

1901-ல் அச்சகம் பிரிட்ஸ் ஷ்லைக்கர் என்பவருக்கு விற்கப்பட்டது. அவர் வேறு யாருமல்லர், அச்சகத்திலேயே வேலை பார்த்த ஜெர்மானியத் தொழில் நிபுணர்தான். தம்பி ராஜராஜவர்மா 1905-ல் மறைந்தார். அடுத்த வருடம், 1906 அக்டோபர் 2-ம் தேதி, கிளிமானூரில் ரவிவர்மாவும் கண்ணை மூடினார்.

அதே கல், வேறு கணக்கு

இங்கேதான் கணக்கு தெரிந்தவர்கள் கூர்ந்து பார்க்க வேண்டும். முதலாளிக்கு நஷ்டம் தந்த அதே அச்சகம், விலைக்கு வாங்கிய தொழிலாளியின் கையில் பிழைத்தது. பிழைத்தது மட்டுமல்ல, தழைத்தது. 1972-ல் தீ விபத்தில் அழியும் வரை அது நடந்து வந்தது.

ஷ்லைக்கர் என்ன செய்தார்? ரவிவர்மாவின் படங்களை விடாமல் அச்சடித்தார். அவற்றின் கலைச் செலவு ஏற்கெனவே கழிந்த செலவு. இனிக் காகிதமும் மையும் கூலியும்தான். புதுப் படங்களுக்குச் சம்பளத்துக்கு ஓவியர்களை வைத்துக்கொண்டார். அவர்கள் ரவிவர்மா தரத்தவர் அல்லர் என்பது உண்மை. அதோடு வியாபாரச் சீட்டுகள், விளம்பர லேபிள்கள் என்று வாடிக்கை வேலைகளையும் எடுத்தார். லேபிள் வேலையில் ஆர்டர் கொடுப்பவர் முன்பே தெரியும். அடித்த சரக்கு அப்படியே போய்விடும். சாமி படத்தின் லாபம் மெதுவாக வரும்போது லேபிள் வேலை வாரச் சம்பளத்துக்குக் கைகொடுக்கும்.

ரவிவர்மா இதைச் செய்திருக்க வேண்டும் என்று யாரும் சொல்ல முடியாது. அவர் ஆசை வேறு. ஆனால் கலைஞரின் ஆசையைக் காப்பாற்றவாவது, பக்கத்தில் ஒரு கண்டிப்பான கணக்குப்பிள்ளை வேண்டியிருந்தது. அந்த நாற்காலி காலியாக இருந்தது, அல்லது தூரிகை பிடித்த தம்பியே அதிலும் உட்கார வேண்டியிருந்தது.

கோவில்பட்டியும் சிவகாசியும்

ரவிவர்மாவின் வழியில் தென்னாட்டுக் காலண்டர் படங்களுக்கு உருக்கொடுத்தவர் சி. கொண்டைய ராஜு. 1898-ல் பிறந்து 1976-ல் மறைந்தவர். சென்னையில் ஓவியம் கற்று, சில காலம் திருவண்ணாமலை ரமணாசிரமத்தில் இருந்து, நாடகக் கம்பெனிக்குச் சீன் எழுதி, 1940-களில் கோவில்பட்டியில் நிலைகொண்டார். அவருடைய தேவி ஆர்ட் ஸ்டூடியோவும், அவரிடம் கற்ற சீடர்களும் சிவகாசி அச்சகங்களுக்கு எழுதிக் கொடுத்த முருகனும் லட்சுமியும் மீனாட்சியும் தமிழர் வீடு எங்கெங்கு உண்டோ அங்கெல்லாம் போய்ச் சேர்ந்தார்கள். இந்நகரில் சாலைக் கடைத்தெரு மளிகைக் கடைகளின் சுவர்களிலும் அந்த முகங்களை இன்றும் காணலாம்.

இங்கே பணத்தின் ஓட்டம் வேறு மாதிரி. படத்துக்கு மொத்தமாக ஒரு தொகை கொடுத்து அச்சகம் வாங்கிக்கொள்ளும். எத்தனை லட்சம் அடித்தாலும் ஓவியருக்கு மேற்கொண்டு வராது. விற்காமல் தேங்கினாலும் அவருக்கு நஷ்டமில்லை. அபாயமும் லாபமும் அச்சகத்தின் பாடு. அச்சகமோ, ஆடிப்பெருக்கில் புது ஆல்பம் வெளியிட்டு, ஆர்டர் பிடித்து, மார்கழிக்குள் சரக்கைக் கொடுத்துவிடுகிறது. காகிதத்துக்குப் பணம் போடும் மாதமும், கடைக்காரர்களிடமிருந்து பணம் வரும் மாதமும் அவர்களுக்கு மனப்பாடம். கல்லாப்பெட்டிக்கும் பஞ்சாங்கம் உண்டு என்பதைச் சிவகாசி முதலிலிருந்தே அறிந்திருந்தது.

நேமத்தில் ஒரு நாகர்கோவில்காரர்

திருவனந்தபுரத்திலேயே இதற்கு வேறோர் உதாரணம் இருக்கிறது. 1951-ல் நேமத்தில் மெரிலாண்ட் ஸ்டூடியோவை நிறுவிய பி. சுப்ரமணியம் நாகர்கோவிலில் பிறந்தவர். தம்பானூர் நியூ தியேட்டர் உள்ளிட்ட படக்கொட்டகைகளும் அவருடையவை. படம் எடுக்கும் இடமும், அதைக் காட்டும் இடமும் ஒரே கணக்கில் இருந்ததால், போட்ட பணம் எப்போது எவ்வளவு திரும்புகிறது என்பது அவருக்கு நாள்தோறும் தெரிந்தது. புராணப் படங்களுக்கு வேண்டிய கோட்டை, கொலுமண்டபம் எல்லாம் தம் ஸ்டூடியோவிலேயே தயாரானது. 1969-ல் அவர் எடுத்த ‘குமார சம்பவம்’ கேரள அரசின் முதலாவது சிறந்த பட விருதைப் பெற்றது. 1975-ல் வந்த ‘சுவாமி ஐயப்பன்’ பட லாபத்தில் ஒரு பகுதி சபரிமலையில் பக்தர்களுக்குப் பாதை அமைக்கச் செலவிடப்பட்டது. சுவாமி ஐயப்பன் ரோடு என்பது அதுவே. 1978-ல் அவர் காலமானார். மெரிலாண்ட் பெயர் 2022-ல் வந்த ‘ஹிருதயம்’ படத்திலும் தொடர்ந்தது.

இன்னொரு வழியும் இந்நகரில் நடந்தது. 1965-ல் அடூர் கோபாலகிருஷ்ணன் முதலிய இளைஞர்கள் சித்ரலேகா என்ற கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார்கள். பணக்கார முதலாளி யாரும் பின்னால் இல்லை. செய்திப் படங்களும் ஆவணப் படங்களும் எடுத்துச் சேர்த்த பணமும், அரசின் திரைப்பட நிதிக் கழகம் கொடுத்த கடனும் சேர்ந்துதான் 1972-ல் ‘சுயம்வரம்’ ஆயிற்று. அது தேசிய விருது பெற்றது. வாடிக்கை வேலையின் வருமானத்தில் மனதுக்குப் பிடித்த படைப்பு உருவானது. லேபிளும் சாமி படமும் கைகோத்த அதே சூத்திரம் இது.

கழக்கூட்டத்தில் இன்று

டெக்னோபார்க் 1990-ல் தொடங்கியது. 1999-ல் அங்கே தூன்ஸ் அனிமேஷன் நிறுவனம் வந்தது. நம் தெனாலிராமன் கதைகள் 2003-ல் கார்ட்டூன் தொடராக உருப்பெற்றது அந்த நிறுவனத்தில்தான். அதன் பிறகு பெரியதும் சிறியதுமாக எத்தனையோ கூடங்கள் முளைத்தன. கல் போய்க் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. கணக்கின் கஷ்டம் மட்டும் அப்படியே இருக்கிறது.

நாலைந்து வடிவமைப்பாளர்கள் உள்ள ஒரு சிறு கூடத்தில் கணக்கர் ஒருவரே காசாளர், சம்பளக்காரர், பாக்கி வசூலிப்பவர், ஆடிட்டருக்குப் பதில் சொல்பவர் எல்லாம். ‘அண்ணாச்சி’ என்றோ ‘சேட்டா’ என்றோ ஓவியர்கள் அவரை அன்போடு அழைத்தாலும், ரசீது கேட்டால் முகம் சுளிப்பார்கள். கற்பனைக்கு மணிக்கணக்கா என்று கேட்பார்கள். மணிக்கணக்கு இல்லாவிட்டால் அவர்கள் சம்பளத்துக்கே வழியிராது என்பதை அவர்தான் பொறுமையாகச் சொல்ல வேண்டும்.

முதலில் கொட்டேஷன். ஒரு நிறுவனத்துக்குச் சின்னம் வரைய 40 மணி நேரம் என்று எண்ணி விலை சொல்கிறார்கள். வாடிக்கையாளர் ‘நிறத்தை மாற்றுங்கள், எழுத்தைப் பெரிதாக்குங்கள்’ என்று பத்து முறை திருப்பி அனுப்புகிறார். வேலை 80 மணி நேரம் ஆகிவிட்டால் கூலி பாதியாகிவிட்டது என்று பொருள். ஆகவே எத்தனை திருத்தம் விலைக்குள் அடங்கும், அதற்கு மேல் என்ன கட்டணம் என்பது முதல் காகிதத்திலேயே இருக்க வேண்டும். வேலை தொடங்குமுன் அட்வான்ஸ், பாதியில் ஒரு தவணை, ஒப்படைக்கும்போது மீதி என்று பிரித்துக்கொள்வதும் அவசியம்.

அடுத்து வரி. 1,00,000 ரூபாய் வேலைக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் பில் தொகை 1,18,000. வாடிக்கையாளர் வருமான வரிக்காக 10 சதவீதம் பிடித்தம் செய்யும் இனமானால் 10,000 ரூபாய் குறையும். வங்கிக்கு வருவது 1,08,000. இதில் 18,000 அரசாங்கப் பணம். ஆகக் கைக்கு வந்தது 90,000 தான். பிடித்த 10,000 வருடக் கடைசியில் வரிக் கணக்கில் சரிக்கட்டப்படும். மாதாமாதம் கணக்குக் கொடுக்கும் கூடமானால் அடுத்த மாதம் 20-ம் தேதிக்குள் ஜி.எஸ்.டி. கட்ட வேண்டும், வாடிக்கையாளர் பணம் கொடுத்தாரா இல்லையா என்று அரசாங்கம் கேட்காது. 1,18,000 வங்கிக்கு வரும் என்று எண்ணிச் செலவுக்குத் திட்டமிட்ட முதலாளியின் கையைப் பிடித்து நிறுத்துவது கணக்கர் கடமை.

பாக்கி வசூல் மூன்றாவது. இதில் சிறு கூடங்களுக்குச் சட்டம் துணையிருக்கிறது. 2006-ம் வருடத்துக் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, பதிவு செய்த குறு, சிறு நிறுவனத்துக்குச் சேர வேண்டிய பணத்தை, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் இழுக்கக் கூடாது. ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள்தான். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாந்தரக் கூட்டு வட்டி. 2024 ஏப்ரல் முதல் இன்னொரு பிடியும் வந்தது. இப்படி இழுத்தடித்த தொகையை, உண்மையில் கொடுக்கும் வரை, வாங்கியவர் தம் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது. பில்லின் அடியில் உத்யம் பதிவு எண்ணை அச்சிட்டு, கெடு தேதியையும் எழுதினாலே பல பாக்கிகள் தாமாக வந்துவிடும்.

நான்காவது, உரிமை. ரவிவர்மா அச்சகத்தின் உண்மையான சொத்து கல் அல்ல, படத்தின் மீதான உரிமை. 1957-ம் வருடத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி, சம்பளத்துக்கு இருக்கும் ஓவியர் வேலையின் பகுதியாக வரைந்தது, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதலாளிக்குச் சொந்தம். வெளி ஆளிடம் கொடுத்து வாங்கும் வேலையில்தான் சிக்கல் வரும். உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும். எத்தனை வருடத்துக்கு என்று எழுதாவிட்டால் ஐந்து வருடம் என்றும், எந்த எல்லைக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும் என்றும் சட்டம் கொள்கிறது. வெளி ஓவியருக்குச் செக் எழுதுமுன் இந்தக் காகிதம் கோப்பில் இருக்கிறதா என்று பார்ப்பது கணக்கர்தான். ஓவியர் பக்கம் நின்று பார்த்தாலும் இதுவே நியாயம். எதை விற்றோம், எதை விற்கவில்லை என்று அவருக்கும் தெரிய வேண்டுமல்லவா?

கடைசியாக, கையிருப்பு. இத்தனை மாதச் சம்பளத்துக்குப் பணம் இருக்கிறது என்று எந்த நாளும் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். பிளேக் பம்பாயை முடக்கியதுபோல் 2020-ல் கொரோனா ஊரடங்கு உலகையே முடக்கியது. மூன்று மாதச் செலவைத் தனியே ஒதுக்கி வைத்தவர்கள் தலை நிமிர்ந்தார்கள். ஒதுக்காதவர்கள் ஆட்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். வேலை போனவர்களில் முதல் வரிசையில் நிற்பவர் பெரும்பாலும் வாடகை அறையில் தங்கி ஊருக்குப் பணம் அனுப்பும் வெளியூர்க்காரர் என்பதையும் நாம் மறக்கலாகாது.

கௌரவம் யாருக்கு?

சாலைக் கடைத்தெருவில் தலைமுறை தலைமுறையாக நாள்வழியும் பேரேடும் எழுதியவர்கள் தமிழர்கள். 1956-ல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு சேரும் வரை இரண்டு பக்கமும் ஒரே சமஸ்தானமாக, பின்னர் ஒரே மாநிலமாக இருந்தன. அதனால் அரசு அலுவலகக் கணக்கிலும் நம்மவர் கை இருந்தது. அந்தப் பழைய திறமைக்கு இப்போது புது இடம் கிடைத்திருக்கிறது. துணிக்கடைக் கணக்கும் அரிசி மண்டிக் கணக்கும் எழுதத் தெரிந்தவர், கற்பனைக்கு விலை போடும் இடத்திலும் உட்காரலாம். அங்கே சரக்கு கண்ணுக்குத் தெரியாது. மூட்டையை எண்ண முடியாது. மனிதரின் நேரத்தைத்தான் எண்ண வேண்டும். அதைக் கற்றுக்கொண்டால் போதும்.

ஓவியரின் பெயர் படத்தின் மூலையில் இருக்கும். கணக்கரின் பெயர் எந்த மூலையிலும் இராது. ஆனால் மாதக் கடைசியில் அத்தனை பேர் வீட்டிலும் அடுப்பு எரிவது அவர் எழுதிய ஏட்டால்தான். ஒரு மாபெரும் ஓவியர், தம் படங்கள் வீடுதோறும் சென்ற காலத்திலேயே, தம் அச்சகத்தை இழந்தார். அவருக்குக் கிடைக்காத துணை இன்றைய கூடங்களுக்குக் கிடைக்கிறது. முதலாளிகள் அந்தத் துணையின் பேச்சைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். கணக்கர்களும், வேண்டாத இடத்தில் தலையிடுகிறோமோ என்று தயங்காமல், பேரேடு சொல்வதைக் காலத்தில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நஷ்டம் வந்த பிறகு எழுதும் ஐந்தொகையால் யாருக்கும் பயனில்லை.